முதியோர் இல்லப் பணியாளர்களுக்குக் கொரோனா காலத்தில் எது உதவியது?

கேள்வி:
கோவைப் பக்கம் 32 பேர் தங்கும் முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். 2021 மே மாதம் எங்கள் ஆயாம்மா ஒருவர் காய்ச்சலை மறைத்து மூன்று நாள் வேலைக்கு வந்தார். கேட்டால், "லீவு போட்டா சம்பளம் போயிடும் சார்" என்றார். அவரைத் திட்டியது இன்னும் உறுத்துகிறது. அடுத்த முறைக்கு ஒரு திட்டம் எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில் (கிராம சுகாதார செவிலியர்):
சம்பளத்தில்தான் தொடங்கணும் சார். தனிமையில் இருக்கும் நாளுக்கும் முழுச் சம்பளம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் 2020 மே மாதம் பராமரிப்பு இல்லங்களுக்கு 60 கோடி பவுண்டு ஒதுக்கியதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று.
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்போது பெரிய தொல்லை பிபிஇ கிட், அதாவது உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை. போட்டுவிட்டால் கழிப்பறை போக முடியாது என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். மாதவிலக்கு நாளென்றால் சொல்லவே வேண்டாம். டாக்டரம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினார். 2020 மார்ச் 22 அன்று எங்களுக்காக ஊரே கைதட்டியது, சரி. ஆனால் என் வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னது அடுத்த வாரம்தான்! தங்க இடமும் திட்டத்தில் இருக்கட்டும்.

பதில்:
தொற்று ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாமலிருக்க, ஒரே ஆள் இரண்டு இல்லங்களில் வேலை பார்ப்பதை நிறுத்துங்கள். அந்த இரண்டாவது வருமானத்தையும் நீங்கள்தான் ஈடுகட்டணும்.

கேள்வி கேட்டவர்:
எங்களிடம் அப்படி நான்கு பேர். நாளை கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்த ஆயாம்மாவையும் உட்காரவைத்துக் கேட்கப் போகிறேன்.