புதுப்பிப்பு: கொள்ளுத்தாத்தாவின் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள்

இராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் இரண்டு பதக்கங்கள் உண்மையானவையா, என்ன விலைக்கு விற்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்ன அன்பர்களுக்கு நன்றி. விடை அங்கேயே இருந்தது. படையெண், பதவி, பெயர் ஆகியவற்றுடன், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட அப்படைப்பிரிவின் சுருக்கப் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.

ஐந்தாம் ஜார்ஜின் தலை பொறித்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி. வானவில் நாடாவில் தொங்கும் வெற்றிப் பதக்கம் வெண்கலம். நகைக்கடையில் வெள்ளியின் எடைக்கு மட்டுமே விலை சொன்னார்கள். சேகரிப்பாளர்களோ பெயருக்கும் படைப்பிரிவுக்கும், ஒரே வீரரின் பதக்கங்கள் பிரியாமல் இருப்பதற்கும்தான் பணம் கொடுக்கிறார்கள். பழைய பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் பொறித்தவையும் சந்தையில் உலவுகின்றன. சுரண்டினால் விளிம்பு தேய்ந்து விட்டம் குறையும் என்பதால், பதக்கங்களைச் சுழற்றிச் சுழற்றி விட்டத்தை அளந்தேன். எங்கும் அசல் அளவான 36 மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. புளி போட்டுத் தேய்க்க வீட்டில் ஒருவர் ஆயத்தமாக இருந்தார், நல்லவேளை தடுத்துவிட்டேன். கருமை போனால் மதிப்பும் குறையும்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் யோசனையைக் கைவிட்டேன். நூறாண்டு கடந்த பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ் வரக்கூடும் என்பதாலும், அத்தகையவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது என்பதாலும், உள்நாட்டு ஏல நிறுவனம் ஒன்றிடமே மதிப்பீடு கேட்டிருக்கிறேன்.