சைலன்சரும் எயார் பில்டரும் மாற்றிய பின்னர் எந்த ஜெட்டை மாற்ற வேண்டும்?

கேள்வி – களுவாஞ்சிக்குடி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் கார்புரேட்டர் உள்ள 150 சிசி பல்சர் இருக்கிறது. அண்மையில் புகையைத் தடையின்றி வெளியேற்றும் பிரீ புளோ சைலன்சர் பூட்டி, எயார் பில்டர் பெட்டியையும் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவப் பில்டர் போட்டேன். அன்றிலிருந்து எக்சிலேட்டரை விட்டவுடன் சைலன்சருக்குள் படபடவென்று வெடிக்கிறது. கல்முனை வீதியில் பாதி எக்சிலேட்டரில் போகும்போது இழுவை சட்டென்று விழுந்து, பிறகு எழுகிறது. முழுதாக முறுக்கினால் குறை தெரியவில்லை. மெயின் ஜெட்டை (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள சிறு துண்டு) பெரிதாக்கினால் சரியாகும் என்று கராஜில் சொல்கிறார்கள். அது சரியா?

பதில் 1 – அக்கரைப்பற்று

தம்பி, நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளும் மெயின் ஜெட்டின் பகுதியில் வருபவை அல்ல. எக்சிலேட்டர் மூடியிருக்கும் நிலையிலிருந்து கால்வாசி வரை பைலட் எனும் சிறிய ஜெட்டும், அதற்கு மேல் முக்கால்வாசி வரை கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஊசியும், கடைசிக் கால்வாசியில் மட்டும் மெயின் ஜெட்டும் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே கைப்பிடியில் ஒரு டேப் துண்டை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு, குறை எந்தக் கோட்டில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

ஜெட்டில் கை வைக்கும் முன்னர், சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கட்டைப் பரிசோதியுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்த மூட்டில் சவர்க்கார நீரைத் தடவி ஸ்டார்ட் செய்தால், கசிவு இருக்குமிடத்தில் நுரை கிளம்பும். பழைய கசிவென்றால் கறுப்புக் கரியும் படிந்திருக்கும். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபட்டாலும் இதே வெடிச் சத்தம்தான் வரும், எந்த ஜெட்டும் அதைத் தீர்க்காது.

கசிவு இல்லையென்றால் பைலட் ஜெட்டை ஒரு இலக்கம் மட்டும் கூட்டி, பெற்றோல்-காற்றுக் கலவை ஸ்குரூவைச் சரிசெய்யுங்கள். ஸ்குரூ எஞ்சின் பக்கமாக இருந்தால் வெளியே திருப்பும்போது பெற்றோல் கூடும். பில்டர் பக்கமாக இருந்தால் காற்றுத்தான் கூடும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஜெட்டைக் குறை சொல்கிறார்கள். பாதியில் இழுவை விழுவதற்கு ஊசியை உயர்த்த வேண்டும்: கிளிப் பள்ளங்கள் இருந்தால் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள், இல்லாவிட்டால் ஊசியின் தலைக்கு அடியில் மெல்லிய வாஷர் வையுங்கள். இழுவை விழும் அதே இடத்தில் சோக்கைச் சற்று இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெற்றோல் போதவில்லை என்பது உறுதி.

எக்காரணம் கொண்டும் ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்திப் பெரிதாக்க இடம் கொடுக்காதீர்கள். கெய்ஹின், மிக்குனி என்ற இரு கார்புரேட்டர் நிறுவனங்களின் ஜெட் இலக்கங்கள் ஒன்றல்ல என்பதால், வாங்கும்போது பழைய ஜெட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.

பதில் 2 – செங்கலடி

மேலே உள்ள சகோதரர் கூறியதோடு உடன்படுகிறேன். ஆனால் அந்தக் கூம்புப் பில்டரை அகற்றுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் வண்டியில் ஊசியைத் தாங்கும் ஸ்லைட் எஞ்சின் இழுக்கும் வெற்றிடத்தால் உயருகிறது. எயார் பெட்டி இல்லாதபோது காற்றோட்டம் குழம்புவதால் பாதி எக்சிலேட்டரில் எந்த ஊசியும் ஒழுங்காக நிற்காது. போதாக்குறைக்கு, கச்சான் காற்று வீசும் மாதங்களில் எழும் புழுதியும் கடற்கரை மணலும் மலிவான பில்டரைத் தாண்டி பிஸ்டன் வரை போய்விடும்.

மெயின் ஜெட்டின் அளவை, முழு எக்சிலேட்டரில் வண்டியை ஓட்டி, அந்த நிலையிலேயே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திப் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வெளிர் பழுப்பு நன்று. வெள்ளை என்றால் சூடேறுகிறது. கறுப்புக் கரி என்றால் பெற்றோல் அதிகம். மெதுவாக வீடு வரை ஓட்டி வந்து பார்த்தால் அந்த நிறம் மெயின் ஜெட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. மட்டக்களப்பின் கடல் மட்டத்தில் அமைத்த வண்டியில் மகாஓயா வழியே பதுளைக்கு ஏறினால், காற்று ஐதாவதால் கலவை சற்றுச் செறிவாகும். அதற்காக ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கேஸ்கட் மூட்டில் நுரை கிளம்பியது. புதியது போட்டவுடன் வெடிச் சத்தம் பெரும்பாலும் நின்றுவிட்டது. எயார் பெட்டியையும் திரும்பப் பூட்டிவிட்டு, எஞ்சியிருக்கும் தடுமாற்றத்துக்கு ஊசியின் அடியில் ஒரு வாஷர் வைத்துப் பார்க்கப் போகிறேன். மெயின் ஜெட்டை இப்போதைக்குத் தொடவில்லை.