மறு: 'நெகட்டிவ் ட்ரோமோட்ரோபிக்' தமிழ்ல எப்படி? (அடினோசின் கட்டுரைக்காக)

> ட்ரோமோஸ் என்றால் கிரேக்கத்தில் ஓட்டம், ட்ரோபோஸ் என்றால் திருப்பம். ஆகவே 'எதிர் ஓட்டத்திருப்பி' என்றே வைக்கலாம்.

ஐயா, வணக்கம். இதயத்துல மின்சாரம் கடந்து போற வேகத்தைக் குறைக்கிறதுதான் 'நெகட்டிவ் ட்ரோமோட்ரோபிக்'. வேர்ச்சொல் சரிதான், ஆனா 'எதிர் ஓட்டத்திருப்பி'ன்னு படிக்கிறவன் ரத்தம் பின்னாடி ஓடுதுன்னுதான் நினைப்பான். இதே வழியில ஐனோட்ரோபிக்குக்கு (இதயம் சுருங்குற விசையைப் பத்தினது) போனா, அங்க வேர் நார், அப்போ 'நார்த்திருப்பி'ன்னு ஆகி கயிறு திரிக்கிற வேலை மாதிரி இருக்கும் :-) டாக்டர் ஈசிஜில என்ன பாக்குறாரோ அதைச் சொல்லுற சொல்தான் வேணும்.

என்ன பாக்குறார்? எஸ்விடிங்கிற திடீர் வேகத்துடிப்பை அடக்க அடினோசின்ங்கிற மருந்தை ஊசியில 6 மில்லிகிராம், ஒண்ணு ரெண்டு செகண்டுக்குள்ள வேகமா ஏத்துறாங்க, அடங்கலன்னா அடுத்து 12. ரத்தத்துல அதோட அரை ஆயுள் பத்து செகண்ட் கூட இல்ல, அதனால மெதுவா ஏத்துனா இதயத்துக்குப் போறதுக்குள்ளயே காலி ஆயிடும். போய்ச் சேந்துச்சுன்னா ஏ1 ரிசெப்டர்ல (இதயச் செல்லுல அடினோசின் ஒட்டுற புரதம்) உக்காந்து பொட்டாசியம் சேனலைத் திறக்கும், எஸ்ஏ நோடுல (துடிப்பைக் கிளப்புற இடம்) துடிப்பு வீதம் குறையும், ஏவி நோடுல (மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற மின்வழி) மின்சாரம் கீழ இறங்காம சில நொடி நின்னுடும், ஏவி நோடு வழியா சுத்திட்டிருந்த எஸ்விடி அங்கயே அறுந்து போகும். ஏட்ரியத்துல (மேல் அறை) சுருங்குற விசையும் குறையும். ஆக மூணு விஷயம்: வீதம், கடத்தல், விசை. என் பரிந்துரை: வீதத்தணிப்பு, கடத்தல் தணிப்பு, விசைத்தணிப்பு. பாசிட்டிவ் வந்தா தணிப்புக்குப் பதிலா ஊக்கம்.

> நெகட்டிவுக்கு 'எதிர்' பள்ளிப் பாடநூல்களிலேயே நிலைத்துவிட்டது, ஏன் மாற்ற வேண்டும்?

கணக்குல சரி ஐயா, இங்க மாட்டிக்குவோம். மனுஷ வென்ட்ரிக்கிள்ல (கீழ் அறை) அடினோசின் நேரடியா விசையைப் பெருசா குறைக்கிறது இல்ல. அட்ரினலின் வகையறா முடுக்கிவிட்ட விசையைத்தான் அது எதுத்து நிக்குது, அதாவது ஆன்டி-அட்ரினர்ஜிக். இதுதான் நிஜமான 'எதிர்'. குறையுறதுக்கும் எதிர், எதுக்குறதுக்கும் எதிர்னு வச்சா ஏட்ரியத்துல நடக்குறதையும் வென்ட்ரிக்கிள்ல நடக்குறதையும் ஒரே பத்தியில பிரிச்சு எழுத முடியாது, எழுதிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

இன்னொண்ணு, 'திருப்பி', 'தணிப்பி'ன்னு 'பி' போட்டு முடிச்சா அது மருந்தோட பேரு ஆயிடுது. 'பு' போட்டா நடக்குற செயலோட பேரு. இது சின்ன எழுத்து விஷயம் இல்ல. 1929-ல கேம்பிரிட்ஜ்ல ட்ரூரியும் சென்ட்-ஜார்ஜியும் விலங்குகளுக்கு அடினைன் சேர்மங்களை (அடினோசினும் அதுல ஒண்ணு) குடுத்து இதயம் மெதுவாகுறது, ஏவி பிளாக் (ஏவி நோடுல கடத்தல் தடைபடுறது) வர்றது, இதயத்துக்கே ரத்தம் குடுக்குற கரோனரி குழாய் விரியறதெல்லாம் எழுதினாங்க, அதை மட்டும் வச்சா அடினோசின் 'வீதத்தணிப்பி'தான். ஆனா முழிச்சிருக்குற மனுஷனுக்கு அதையே ட்ரிப்ஸா நிதானமா ஏத்துங்க, துடிப்பு *கூடும்*! கழுத்துல இருக்குற கரோடிட் பாடியை (ரத்தத்துல ஆக்சிஜனைக் கவனிக்கிற உறுப்பு) தூண்டி விட்டுடுது, சிம்பதெடிக் நரம்பு துடிப்பை முடுக்குது, மூச்சும் வேகமாகுது. மயக்க மருந்துல இருக்குற விலங்குல இந்த மாதிரி ரிஃப்ளெக்ஸ் மழுங்கிடுறதால கணக்கு வேற. ஒரே பொருள், ரெண்டு விளைவு, அப்புறம் மருந்துக்கே எப்படி தணிப்பின்னு பேர் வைக்கிறது?

> ஏடிபிக்கும் இதே சொல் பொருந்துமா? வழி வேறாயிற்றே.

அருமையான கேள்வி. பொருந்தும்னுதான் சொல்வேன், காரணம் இந்தச் சொல்லுல வழியே இல்ல, விளைவு மட்டும்தான் இருக்கு. ஏடிபிங்கிறது அடினோசினோட மூணு பாஸ்பேட் சேந்தது; அது ரத்தத்துல போனா குழாய்ச் சுவர்ல இருக்குற என்சைம்கள் பாஸ்பேட்டைக் கழட்டிக் கழட்டி கடைசில அடினோசினா ஆக்கிடும், ஒரு பங்கு வேலை அது செய்யுறது. ஆனா நாய்ல ஏடிபி உடையாமலேயே வேகஸ் (மூளைக்கும் இதயத்துக்கும் நடுவுல ஓடுற நரம்பு) உணர்வு நரம்பு முனையில இருக்குற பி2எக்ஸ்ங்கிற ஏடிபி ரிசெப்டரைத் தட்டி, மூளை வழியா சுத்தி வந்து இதயத்தை மெதுவாக்குறதும் உண்டு. எது எந்த வழின்னு பாக்க அட்ரோபின் குடுத்து வேகஸை அடைக்கலாம், தியோஃபிலின் குடுத்து அடினோசின் ரிசெப்டரை அடைக்கலாம். எந்த வழியில வந்தாலும் ஏவி நோடுல நடக்குறது கடத்தல் தணிப்புதான்.

('கடத்தல்'னா பேப்பர்ல வர்ற கடத்தல் ஞாபகம் வருதுன்னு ஒரு நண்பர் தனிமடல்ல கிண்டல் பண்ணிட்டார். இயற்பியல்ல மின்கடத்தல் படிக்கும்போது யாரும் போலீசைக் கூப்பிடலையே.)

ஒரே ஒரு இடைஞ்சல். புணர்ச்சி விதிப்படி சேத்து எழுதுனா 'கடத்தற்றணிப்பு' ஆயிடும், அதை வாய் விட்டுச் சொல்லிப் பாத்தேன், எனக்கே துடிப்பு கூடிடுச்சு. அதனால இந்த ஒண்ணை மட்டும் பிரிச்சே எழுதலாம்னு நினைக்கிறேன், இலக்கணம் தெரிஞ்சவங்க திட்டுறதா இருந்தா இப்பவே திட்டிடுங்க, ஞாயிறு கட்டுரையை முடிச்சாகணும்.