வேளச்சேரில இருக்கோம், ஞாயித்துக்கிழமை பசங்கள எங்க கூட்டிட்டு போறது? (மால் வேணாம்)

தென்காசி_அம்மா | பிப்ரவரி முதல் வாரம்

எல்லாருக்கும் வணக்கம். தென்காசில இருந்து சென்னை வந்து எட்டு மாசம் ஆகுது, வேளச்சேரில மூணாவது மாடி வாடகை வீடு. பெரியவன் ரெண்டாம் கிளாஸ், ஏழு வயசு, சின்னவளுக்கு மூணு முடிஞ்சிருக்கு. ஊர்ல இருந்தவரைக்கும் பிள்ளைங்கள எங்க கூட்டிட்டு போறதுன்னு நான் யோசிச்சதே கிடையாது, சாயங்காலம் ஆனா அதுங்களா வாய்க்கா பக்கம் போகும், மாமா வீட்டு தொழுவத்துல ஆட்டுக்குட்டிகூட கிடக்கும், பசிச்சா வீட்டுக்கு வரும். இங்க ஸ்கூல் விட்டு வந்தா டிவி, அத ஆஃப் பண்ணா போன், அதையும் புடுங்கினா ரெண்டும் அடிச்சுக்குதுங்க.

போன ஞாயிறு ஒரு மால்ல இருக்குற பிளே ஏரியாவுக்கு போனோம். சாக்ஸ் அங்கதான் வாங்கணும்னுட்டாங்க, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவுன்னு பில்லு, அப்புறம் கேம்ஸுக்கு தனியா கார்டு, வெளிய வரும்போது கிட்டத்தட்ட 2,000 ரூபா போயிருந்துச்சு, ரெண்டும் அழுதுகிட்டேதான் வந்துச்சுங்க. அன்னிக்கு ராத்திரி பெரியவன் படுத்துகிட்டே "அம்மா, ஆட்டுக்குட்டி இப்ப பெருசாயிருக்குமா"ன்னு கேட்டான், எனக்கு அதுக்கப்புறம் தூக்கமே வரல.

எங்ககிட்ட கார் இல்ல, ஒரு ஸ்கூட்டி மட்டும்தான். அவருக்கு ஞாயிறு மட்டும் லீவு, அதுலயும் மாசத்துல ரெண்டு ஞாயிறு டியூட்டி போட்டுருவாங்க. அத்தையும் எங்ககூடதான் இருக்காங்க, முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது. செலவு கம்மியா, பசங்க நிஜமாவே சந்தோசப்படுற மாதிரி இடம் இருந்தா சொல்லுங்க, உங்களுக்கு புண்ணியமா போகும்.

பறக்கும்ரயில்_அப்பா

சிஸ், வேளச்சேரில இருந்துகிட்டு கார் இல்லன்னு ஏன் கவலைப்படுறீங்க, உங்க ஏரியாலயே பறக்கும் ரயில் ஸ்டேஷன் இருக்கே. முதல்ல எங்கயும் இறங்கணும்னு பிளான் பண்ணாதீங்க, ஞாயிறு காலைல டிபன முடிச்சுட்டு பீச் ஸ்டேஷன் வரைக்கும் ஏறி உக்காருங்க. அஞ்சு வயசுக்கு கீழ டிக்கெட்டே கிடையாது, பெரியவங்களுக்கும் ஒரு டீ காசுக்கு கம்மியாத்தான் வரும். ஞாயிறு கூட்டம் கம்மி, ஜன்னல் சீட்டு கிடைச்சிரும். மேல இருந்து பாக்குறப்ப மொட்டை மாடியில காயுற வத்தல், பட்டம், தண்ணி டேங்க்ல உக்காந்திருக்குற கொக்குன்னு எம் பொண்ணு வழி முழுக்க கத்திகிட்டே வந்தா, திருமயிலை தாண்டினதும் கடல் எப்ப வரும் கடல் எப்ப வரும்னு ஒரே நச்சரிப்பு.

அடுத்த தடவை கோட்டூர்புரத்துல இறங்குங்க, கொஞ்சம் நடந்தா அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல திறந்தது. முதல் மாடி முழுக்க பசங்களுக்குன்னே ஒதுக்கியிருக்காங்க, நடுவுல பெருசா ஒரு செயற்கை மரம், அதைச் சுத்தி உக்காந்து படிக்கலாம். எழுத்து தெரியலன்னாலும் பரவாயில்ல, படம் பாத்துட்டே சின்னது ஒரு மணி நேரம் இருக்கும். நான் சத்தமா படிச்சுக் காட்டுறப்ப பக்கத்துல யாரோ ரெண்டு பசங்க வந்து தானா உக்காந்துட்டாங்க, அவங்களுக்கும் சேத்து படிச்சேன். ஏசி, சுத்தமான டாய்லெட், லிஃப்ட், உங்க அத்தைக்கும் கஷ்டமில்ல. அங்கருந்து பக்கத்துலயே பிர்லா கோளரங்கம், தமிழ் ஷோ தனியா போடுவாங்க, ஆனா பாப்பாவுக்கு மூணு வயசுங்கறதால இருட்டுல பயந்து அழலாம், பெரியவன மட்டும் ஒருத்தர் கூட்டிட்டு போங்க.

குரோம்பேட்டை_ராணி

மிருகம்னா வண்டலூர்தான்ங்க, இதுல என்ன யோசனை! 602 ஹெக்டேர், சிங்கம் புலி ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருக்கு, பசங்களுக்கு வேற என்ன வேணும். செவ்வாய்க்கிழமை மட்டும் லீவு.

ரெண்டுபசங்க_திவ்யா

ராணி அக்கா, வண்டலூர் நல்ல இடம்தான், ஆனா மூணு வயசு குழந்தையும் முட்டி வலி இருக்குற பெரியவங்களும் இருக்குறப்ப முதல் தடவையே அங்க போக வேணாம்னுதான் நான் சொல்லுவேன். நாங்க போன வருசம் பதினொரு மணிக்கு போய் சேந்தோம், வெயில், பேட்டரி கார் கியூவுலயே பசங்க சோர்ந்துட்டாங்க, புலி தூங்கிட்டு இருந்துச்சு, சின்னவன தோள்லயே தூக்கிட்டு நடந்து எனக்கு மூணு நாள் இடுப்பு வலி. போறதா இருந்தா கேட்டு திறக்குறப்பவே உள்ள இருக்கணும், பாதிய பாத்துட்டு கிளம்பிடணும். காணும் பொங்கல் அன்னிக்கு மட்டும் அந்தப் பக்கமே போயிடாதீங்க.

தென்காசி அம்மா, உங்க வீட்டுல இருந்து கிண்டி சிறுவர் பூங்கா பக்கம்தானே. புள்ளிமான், வெளிமான், பறவைங்க எல்லாம் இருக்கு, நடக்க வேண்டிய தூரமும் கம்மி. ஒட்டினாப்புலயே பாம்புப் பண்ணை, 1972ல ரோமுலஸ் விட்டேகர் ஆரம்பிச்சது. ரெண்டுக்குமே செவ்வாய் லீவு. எம் பையன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பாம்பு எங்கன்னு இலைக்கு இலை தேடி, கடைசில அவனே கண்டுபிடிச்சான், இன்னி வரைக்கும் அதையே பேசுவான்.

இன்னொண்ணு, கூட்டமான இடத்துக்கு போறப்ப குழந்தை கை மணிக்கட்டுல உங்க போன் நம்பர பேனாவால எழுதிடுங்க. காணும் பொங்கலுக்கு மெரினால போலீஸ்காரங்க பிள்ளைங்க கைல நம்பர் எழுதின பட்டை கட்டி விடுவாங்க, அத பாத்துதான் நான் கத்துகிட்டேன்.

எழும்பூர்_பெரியவர்

அம்மா தென்காசி, எனக்கு எழுபத்திரண்டு வயசு, எழும்பூர்லயே பொறந்து வளந்தவன். எங்க காலத்துல ஊர்ல இருந்து சொந்தக்காரங்க வந்தா "செத்த காலேஜும் உயிர் காலேஜும் பாத்தாச்சா"ன்னுதான் கேப்போம். செத்த காலேஜ்னா மியூசியம், உயிர் காலேஜ்னா மிருகக்காட்சி சாலை. அந்த உயிர் காலேஜே 1855ல இந்த மியூசியத்து வளாகத்துலதான் ஆரம்பிச்சது, அப்புறம் சென்ட்ரல் பக்கம் போச்சு, 1985லதான் வண்டலூருக்கு போனது. இப்பவும் பேரப்பிள்ளைங்களோட மாசம் ஒரு தடவையாவது மியூசியம் போயிடுவேன்.

ஒரே நாள்ல எல்லாத்தையும் பாக்கணும்னு இழுத்துட்டு ஓடாதீங்க. முதல் நாள் திமிங்கல எலும்புக்கூடு மட்டும் பாருங்க, அது கீழ நின்னு அண்ணாந்து பாக்குறப்ப ஏழு வயசுப் பையன் எத்தனை கேள்வி கேப்பான் தெரியுமா. இன்னொரு நாள் வெண்கலச் சிலை கூடம், திருவாலங்காட்டு நடராஜர் அங்கதான் இருக்காரு, திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கதான். எம் பேத்தி அர்த்தநாரி முன்னாடி ஒரு பக்கமா இடுப்ப சாய்ச்சு நின்னு பாத்தா, மறுபக்கமும் நின்னு பாத்தா, "தாத்தா ரெண்டு பக்கமும் வேற வேற கை"ன்னா. நான் அம்பது வருசமா பாக்குறேன், அவ சொன்னதுக்கப்புறம்தான் கைகள எண்ணிப் பாத்தேன். வெள்ளிக்கிழமை லீவு, மத்த நாள் திறந்திருக்கும்.

தென்காசி_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் பதில் போடுவீங்கன்னு நினைக்கவே இல்ல. ரயில் ஐடியா படிச்ச உடனே அவன் ஷூ மாட்டிகிட்டான். இந்த ஞாயிறு அதுதான். கிண்டியும் லிஸ்ட்ல வச்சாச்சு. கூண்டு இல்லாம ஏதாவது உயிருள்ளத பக்கத்துல போய் பாக்குற மாதிரி இருக்கா? அவனுக்கு அதுதான் ஏக்கம்.

பெசன்ட்நகர்_வாலண்டியர்

அக்கா, சரியான மாசத்துல கேட்டிருக்கீங்க. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைங்க நம்ம கரையில முட்டை போட வரும். ஒரு குழியில நூறு, நூத்திருபது முட்டை இருக்கும். நாய் தோண்டிடும், ஆளுங்க மிதிச்சிருவாங்க, அதனால ராத்திரி நடந்து போய் முட்டைய எடுத்துட்டு வந்து பீச்லயே வேலி போட்ட இடத்துல புதைச்சு வைப்போம். ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க்குன்னு ஒரு அமைப்பு, 1988ல இருந்து இத பண்றாங்க, வனத்துறையும் தனியா பண்றாங்க. நடுராத்திரி கிளம்பி விடிய விடிய மணல்ல நடக்கணும், உங்க பசங்களுக்கு இப்ப அது வேணாம்.

ஆனா முட்டை பொரிய ஒண்ணரை மாசம், அதுக்கு மேலயும் ஆகும், அதனால மார்ச், ஏப்ரல்ல சாயங்காலம் குஞ்சுகள கடல்ல விடுறத பாக்கலாம். பெசன்ட் நகர்ல. காசு கிடையாது. கிளம்புறதுக்கு முன்னாடி அன்னிக்கு குஞ்சு விடுறாங்களான்னு மட்டும் அவங்க ஆன்லைன் பக்கத்துல பாத்துக்கோங்க. செல்போன் லைட்டு, ஃபிளாஷ் போடக்கூடாது, குஞ்சுங்க வெளிச்சம் எங்க இருக்கோ அங்கதான் போகும், ரோட்டு விளக்க பாத்து திரும்பிடும்.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடுறேன், கரையில செத்த ஆமையும் கண்ணுல படலாம். 2025 ஜனவரில நூத்துக்கணக்குல ஒதுங்குச்சு. ஆமைக்கு மூச்சு விட தண்ணிக்கு மேல வரணும், இழுவலையில மாட்டினா வர முடியாது. பையன் கேட்டா மறைக்காதீங்க, உள்ளத உள்ளபடி சொல்லுங்க, பசங்க தாங்கிக்குவாங்க. அப்புறம் பெசன்ட் நகர்ல கால் நனைக்கிறதோட நிறுத்திக்கோங்க, இழுப்பு அதிகம், குளிக்க விடாதீங்க.

ரெண்டுபசங்க_திவ்யா

ஈசிஆர் பக்கம் கார் கிடைச்சா முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு அத்தைய கூட்டிட்டு போங்க. பழைய வீடுகள பிரிச்சு எடுத்துட்டு வந்து அங்க கட்டியிருக்காங்க, செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில அத்தைய உக்கார வச்சுட்டு பசங்கள மண்பானை சக்கரத்துகிட்ட விட்டுரலாம். அதுக்கும் செவ்வாய் லீவு.

தென்காசி_அம்மா | மார்ச் கடைசி

ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன். லைப்ரரிக்கு மூணு தடவை போயாச்சு, சின்னவ அந்த மரத்த "எம் மரம்"ங்குறா. நேத்து சாயங்காலம் ஆமைக்குஞ்சு பாத்தோம்.

கூடையில கொண்டு வந்தாங்க, உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவு, கருகருன்னு, துடுப்ப வச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகிட்டு சரசரன்னு சத்தம். கயிறு கட்டி எங்கள பின்னாடி உக்கார வச்சாங்க. பெரியவன் வாயே திறக்கல, கையால வாய மூடிகிட்டு உக்காந்திருந்தான். ஒண்ணு மட்டும் திரும்பி எங்க பக்கமா வந்துச்சு, வாலண்டியர் தம்பி ஒருத்தர் டார்ச்ச கடல் பக்கமா காமிச்சு திருப்பி விட்டாரு. பொட்டை ஆமை பெருசானதும் முட்டை போட பொறந்த கரைக்கே திரும்பி வரும்னு அவருதான் சொன்னாரு. எங்க அத்தை முட்டி வலியோட அவ்வளவு நேரமும் மணல்லயே உக்காந்திருந்தவங்க, அத கேட்டுட்டு "போயிட்டு வா தாயி"ன்னு கைய ஆட்டினாங்க, அவனும் சேந்து ஆட்டினான். ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு ஆட்டுக்குட்டிய விசாரிச்சுட்டு, ஆமைக் கதைய அரை மணி நேரம் சொன்னான்.

அடுத்த ஞாயிறு அவருக்கு டியூட்டி, நானும் பசங்களும் மட்டும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போகலாம்னு இருக்கோம், ரேடியல் ரோடு பக்கம் நடைபாதை போட்டிருக்காங்களாமே. காலைல எத்தனை மணிக்கு போனா பறவை நிறைய தெரியும்? பைனாகுலர் இல்லாம பாத்தா தெரியுமா, போனவங்க சொல்லுங்க.