ஜிடி 730 கார்டுக்கு புது டிரைவர் ஏற மாட்டேங்குது

பழையபெட்டி:
வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப பழசு, விண்டோஸ் 10 64 பிட், கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடி 730. விண்டோஸ மறுபடி போட்டதுல இருந்து எழுத்தெல்லாம் பெருசா மங்கலா தெரியுது, டிவைஸ் மேனேஜர்ல மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்னு காட்டுது. என்விடியா சைட்ல இருக்கறதுலயே புது டிரைவர எடுத்து ஓட்டுனா, பொருந்துற கார்டே இல்லன்னு சொல்லி நின்னுடுது. கார்டு போச்சா? தானா டிரைவர் தேடித் தர்ற சாஃப்ட்வேர் ஏதாவது போடலாமா?

விசிறிசத்தம்:
கார்டு நல்லாத்தான் இருக்கும் ப்ரோ. அந்த தானா தேடுற சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போயிடாதீங்க, பாதி விளம்பரம், மீதி காசு கேக்கும். 730-ல ஒரு வில்லங்கம் என்னன்னா ஒரே பேர்ல ரெண்டு தலைமுறை சிப்ப வித்துருக்காங்க, பெர்மி ஒண்ணு கெப்லர் ஒண்ணு. பெர்மிக்கு 2018-ல வந்த 391.35 டிரைவர் தான் கடைசி. கெப்லருக்கு 2021 அக்டோபர்லயே புது வரிசைய நிறுத்திட்டாங்க, அப்புறம் 2024 வரைக்கும் செக்யூரிட்டிக்காக மட்டும் வந்துச்சு, 470ல இருந்து 475 வரைக்கும் நம்பர் இருக்கும். உங்களுது எதுன்னு பாக்க டிவைஸ் மேனேஜர்ல அந்த அடாப்டர ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, டீடெய்ல்ஸ்ல ஹார்டுவேர் ஐடிஸ்னு இருக்கும், அதுல 1287னு இருந்தா கெப்லர், 0எஃப்02னு இருந்தா பெர்மி.

நீலத்திரை:
அவர் சொன்னது சரி. பழைய டிரைவர் மிச்சம் கிடந்தா டிடியு (பழைய டிரைவர முழுசா அழிக்கிற சின்ன சாஃப்ட்வேர்) வச்சு சேஃப் மோட்ல துடைச்சிட்டு போடுங்க, நெட்ட கழட்டி வச்சிட்டு பண்ணுங்க, இல்லன்னா நடுவுல விண்டோஸ் அப்டேட் வந்து அது இஷ்டத்துக்கு ஒண்ண ஏத்திடும்.

விசிறிசத்தம்:
புதுசா விண்டோஸ் போட்டவருக்கு டிடியு எதுக்குங்க, துடைக்க என்ன இருக்கு? இன்ஸ்டாலர்லயே கஸ்டம் குடுத்து கிளீன் இன்ஸ்டால டிக் பண்ணா போதும்.

பழையபெட்டி:
1287 தான் ப்ரோ. 475 வரிசைல ஒண்ணு போட்டேன், ஏறிடுச்சு, ஸ்கிரீன் பளிச்சுனு இருக்கு, ரொம்ப நன்றி. இனிமே அப்டேட்டே வராதா, அப்ப புது கேம் ஓடாதா?

நீலத்திரை:
வராது. பழைய கேம், வீடியோ எல்லாம் ஓடும், புது கேம் தடுமாறும், அதுக்கு டிரைவர் காரணமில்ல, கார்டுக்கே அவ்ளோதான் தெம்பு. கெப்லரா இருந்ததால வல்கனாவது (சில கேம் கார்டோட பேச யூஸ் பண்ற கிராஃபிக்ஸ் முறை) இருக்கு, பெர்மில அதுவும் கிடையாது. விண்டோஸ் அப்டேட் பின்னாடி வேற டிரைவர ஏத்தி திரை மறுபடி சொதப்புனா அதே ப்ராப்பர்ட்டீஸ்ல டிரைவர் டேப்ல ரோல் பேக் இருக்கு, அத அமுக்குங்க, முந்தின டிரைவருக்கே திரும்பிடும். இன்ஸ்டாலர் ஃபைல அழிச்சிடாம ஒரு பென்டிரைவ்ல போட்டு வைங்க.