சருகுத் தீ, புல்லுருவி, உண்ணிச்செடி: சோளகர் காட்டில் கண்டதை எழுதுங்கள்

மலைச்சரிவு:
கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலை, கோடை. இலை கொட்டின நெல்லி மரங்களுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் உச்சி பச்சையா நின்னுச்சு. கிட்டப் போய்ப் பார்த்தா நெல்லி இலை ஒண்ணுகூட இல்ல, அத்தனையும் மரத்துல ஒட்டி வளர்ற புல்லுருவி. கூட வந்த, அந்த மலைப் பழங்குடியான சோளகப் பெரியவர் பழியை மழைமேல போடல. தரகு பெங்கி, அதாவது சருகுத் தீ வைக்கிற வழக்கம், நின்னதுதான் காரணம்னார். 1974ல சரணாலயம் ஆனதோட அந்தச் சருகுத் தீ போச்சு. காலநிலை மாற்றம்னு பேசுறவங்க கணக்குல இது எங்க வருது?

வேர்க்கால்:
மலைச்சரிவு, மழைக்கும் பங்கு இருக்குங்க. சருகுத் தீ நினைச்சப்ப வைக்கிறதில்ல. மண்ணுல பனி ஈரம் இருக்கணும், மேல சருகு மட்டும் காஞ்சிருக்கணும். அப்பதான் தீ முழங்காலுக்கு மேல எழாது, ராத்திரி தானா அவியும். காட்டுல மண்டுற உண்ணிச்செடி (லாண்டனா) நாத்து கருகும், பெரிய மரம் தப்பிச்சுக்கும். வெயில் முன்னாடியே ஏறினாலோ பருவம் தப்பி மழை விழுந்தாலோ அந்தச் சில வாரம் கைநழுவிடும். ஆஸ்திரேலியாவுல ஆர்ன்ஹெம் நிலத்துப் பழங்குடிகளும் முன்கோடையிலதான் எரிக்கிறாங்க. பின்கோடைப் பெருந்தீ அடங்கினதால குறைஞ்ச மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடுக்காக 2006ல ஒரு எரிவாயு ஆலை அவங்களுக்குப் பணம் தர 17 வருஷ ஒப்பந்தமே போட்டுச்சு.

காட்டுத்தடம்:
இதைப் படிச்சுட்டு யாரும் தீப்பெட்டியோட கிளம்பிடாதீங்க. ஆளுயரம் உண்ணி மண்டின இடத்துல வைக்கிறது சருகுத் தீயே இல்ல. புதர் ஏணி மாதிரி நின்னு தீயை மரக்கொண்டைக்கு ஏத்திவிடும். எரிஞ்ச தூரும் மழைக்கு மறுபடி துளிர்க்கும். முதல்ல புதரை எடுக்கணும், அதுவும் காய் பழுக்கிறதுக்கு முன்னாடி. தண்டை வெட்டிப் பிரயோஜனமில்ல, ஒண்ணு பத்தாக் கிளைக்கும். தூரைச் சுத்தி மண்ணை விலக்கி, ஆணிவேரை மண்ணுக்குக் கீழ 3 முதல் 5 செ.மீ. ஆழத்துல கடப்பாரையால அறுக்கணும். துளிர் விடுற கணு அதுக்கு மேலதான் இருக்கு. அறுத்த புதரைத் தலைகீழாக் கவிழ்த்துப் போடுங்க. வேர் மண்ணைத் தொட்டா பிழைச்சுக்கும். சுத்தம் பண்ணின இடத்து வழியா இழுத்துட்டுப் போகாதீங்க, விதை கொட்டும். அடுத்தடுத்த வருஷம் பறவை உட்காருற மரத்தடியிலயும் ஓடைக்கரையிலயும் முளைக்கிற நாத்தைக் கையால பிடுங்கணும். வெறும் மண்ணா விட்டா உழைப்பு வீண், அந்தக் காட்டுப் புல் விதையையே தூவுங்க. சருகுத் தீ பத்தின பேச்சு அதுக்கப்புறம்தான்.

வேர்க்கால்:
சரி, ஆனா அனுமதி? 2011ல சோளகருக்குச் சமூக வன உரிமை கிடைச்சும் தீ வைக்க முடியலையே.

நெல்லிக்கொம்பு:
நெல்லியைப் பத்திக் கேட்டவருக்கு எல்லாரும் உண்ணியையே சொல்றீங்க. புல்லுருவி இலையைப் பறிச்சா திரும்பத் தழைக்கும். அது ஒட்டின முடிச்சுக்குக் கீழ, கிளையோட சேர்த்து வெட்டணும். பழம் வர்றதுக்குள்ள வெட்டிடணும். பூங்கொத்திக் குருவி பழத்தைத் தின்னுட்டுப் பிசுபிசு விதையைப் பக்கத்துக் கிளையில தேய்ச்சுட்டுப் போகும். நடுத்தண்டுல ஒட்டினதுக்கு இந்த வழி உதவாது.