மறுமொழி: கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் – 'பற்றுமுரண்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அரசு நிதியில் நடக்கும் கல்வி ஆய்வுகளுக்கான சொற்பட்டியலில், 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதற்கு, அதாவது நடுநிலையாக முடிவெடுக்க வேண்டியவருக்கு அந்த முடிவில் சொந்தப் பிடிப்பும் இருப்பதற்கு, இதுவரை வந்த தமிழ்ச் சொற்கள் 'இரட்டை ஆதாயம்', 'நலன்முரண்', 'உள்நோக்கம்'. மூன்றையும் நடந்த ஒரு விவகாரத்தில் பொருத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது.

அமெரிக்காவின் 'ரீடிங் ஃபர்ஸ்ட்' திட்டம். 2002 ஜனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டத்தில் பிறந்தது. மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தர ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர். அறிவியல் ஆய்வின் துணை உள்ள முறைகளுக்கு மட்டுமே பணம் என்பது நிபந்தனை. எந்த முறைக்கு அந்தத் துணை உண்டு என்று மாநிலங்களுக்கு வழிகாட்டிய வல்லுநர்களில் சிலர், அதே சந்தையில் இருந்த பதிப்பகங்களிடம் பணம் பெற்றுவந்தார்கள். விண்ணப்பங்களை மதிப்பிட்டவர்களிடம் இத்தகைய தொடர்பு உண்டா என்று சலித்தெடுக்கும் ஏற்பாடு பயன் தரவில்லை என்று கல்வித் துறையின் சொந்தக் கண்காணிப்புப் பிரிவே 2006இல் எழுதியது.

'இரட்டை ஆதாயம்' நம் செய்தித்தாள்களின் கிரிக்கெட் பக்கங்களில் பழகிய சொல். ராயல்டி வாங்கியவருக்கு அது பொருந்தும். ஆனால் ஒரு காசு வாங்காமல், தாம் நம்பிய ஒரே கற்பித்தல் முறையை மாநிலங்களின் தலையில் கட்டும் அதிகாரியை என்ன சொல்வது? தன் திட்டம் வென்றதாக ஆய்வு சொல்ல வேண்டும் என்று விரும்பும் அரசை? கல்வி ஆய்வில் பெரிய சிக்கலே இவர்கள்தான். அங்கே ஆதாயம் என்ற சொல் எட்டாது. 'உள்நோக்கம்' நேரடியாகக் குற்றம் சாட்டிவிடுகிறது. 'நலன்முரண்' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் நாம் காக்க நினைப்பதே மாணவர் நலன். பதிப்பகத்தின் லாபத்தையும் அதே 'நலன்' என்ற சொல்லால் குறிப்பது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் 'பற்றுமுரண்' என்று முன்வைக்கிறேன். பணப்பற்று, பதவிப்பற்று, கொள்கைப்பற்று எல்லாம் இதில் அடங்கும். நாட்டுப்பற்று, மொழிப்பற்று போல நல்ல பொருளில் வரும் சொல்லாயிற்றே என்று கேட்பீர்கள். அதனால்தான் வேண்டும் என்கிறேன். முப்பது ஆண்டுகள் ஒரு முறைக்காக உழைத்தவருக்கு அதன்மேல் பற்று இல்லாமல் எப்படி இருக்கும்? பற்று இருப்பது தவறில்லை. அதை மறைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்ல உட்காருவதுதான் தவறு. வங்கிக் கணக்கின் 'பற்று' குழப்பாதா என்றால், 'முரண்' சேர்ந்தபின் குழப்பாது.

அரசுப் பணம் என்றாலே ஆய்வு கெட்டது என்று போன மடலில் ஒருவர் எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. 'ரீடிங் ஃபர்ஸ்ட்' திட்டம் மாணவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் திறனைக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்த்தவில்லை என்று 2008இல் அறிவித்தது அதே கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவான கல்வி அறிவியல் நிறுவனம். அதன் இயக்குநருக்கு ஆறாண்டுப் பதவிக்காலம்; அமைச்சரின் ஒப்புதல் இல்லாமலே முடிவுகளை வெளியிடலாம் என்று அந்த நிறுவனத்தை உருவாக்கிய 2002ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்திருந்தது. அப்படிப்பட்ட நிறுவனத்தின் ஒப்பந்தங்களை 2025 பிப்ரவரியில் கொத்தாக ரத்து செய்து, மார்ச்சில் ஊழியர்களில் பெரும்பாலோரை நீக்கியது அமெரிக்க அரசு. வேதனையாக இருக்கிறது. ஆய்வாளர் தன் பற்றுமுரணைத் தெரிவிக்கப் படிவம் உண்டு. பணம் தரும் அரசின் பற்றுமுரணுக்கு எந்தப் படிவமும் இல்லை. நம் விளக்கக் குறிப்பில் 'நிதி தருபவருக்கும் பொருந்தும்' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

கிளைச்சொற்கள்: தன் தொடர்புகளை முன்கூட்டியே தெரிவிப்பது 'பற்றறிவிப்பு'. "குழுவில் சேருமுன் ஒவ்வொருவரும் பற்றறிவிப்பு தர வேண்டும்" என்று எழுதிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. அப்புறம், முரண் இருப்பதால் முடிவெடுக்கும் இடத்திலிருந்து தானே ஒதுங்கிக்கொள்வதற்கு 'விலகல்' போதாது. அது ராஜினாமா போல ஒலிக்கிறது. 'ஒதுங்குரிமை' என்றால் உரிமையாகிவிடுகிறது, இது கடமை. இதற்கு நல்ல சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலை அன்று முடிக்க வேண்டும்.

அன்புடன்